ஐந்தாவது பால்

ஓட்ஸ் பால் பெட்டியின் பின்பக்கத்தை ஸ்ரீவிஷ்ணு மூன்றாவது முறையாகப் படித்தான்.

எழுத்து எறும்பு எறும்பாக இருந்தது. கைபேசி வெளிச்சத்தை அதன்மேல் பிடித்துக்கொண்டு, கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் பேரிங்கைச் சோதிக்கிற அதே நிதானத்தோடு வரி வரியாக இறங்கினான். தண்ணீர், ஓட்ஸ், சூரியகாந்தி எண்ணெய், உப்பு. அவ்வளவுதான்.

"இன்னா சார், போன மாசம் முந்திரிப் பாலு, அதுக்கு முன்ன பாதாமு. இப்ப இதுவா? உங்களுக்கோசரமே எங்க ஓனரு ஒரு தட்டு ஒதுக்கி வச்சிக்கீறாரு," என்றாள் பில் போடுகிற சோனியா.

அவன் சிரித்தான்.

"கொயந்தைக்கு இப்ப எப்பிடி கீது சார்?"

சில்லறையை வாங்கிக்கொண்டு திருவள்ளூர் பஸ் பிடித்தான்.

மகள் வகுளாவுக்கு மூன்று வயது. இரண்டாவது பிறந்த நாளன்று பாலில் குழைந்த அக்காரவடிசில் ஒரே ஒரு வாய் தின்றுவிட்டு, உதடு வீங்கி, மூச்சு இழுக்க, ஆட்டோவில் அவன் மடியில் துவண்டு கிடந்தாள். பால் ஆகாது, பாலிலிருந்து வரும் எதுவும் ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

மறுநாளே பால் பாக்கெட் நின்றது. உறைமோர்க் கிண்ணம் பரணுக்கும், நெய்ப் பாட்டில் எதிர்வீட்டுக்கும் போயின. கோயில் கைங்கரியத்துக்குப் போகும் அப்பா ராமஸ்வாமி, நாற்பது வருஷத்துக் காபியை விட்டு வெறும் டிகாக்‌ஷனுக்கு மாறினார். "கசப்போடதான் சுப்ரபாதம் சொல்றேன். பெருமாள் ஒண்ணும் முகத்தைச் சுளிக்கலை," என்றார்.

ஸ்ரீவிஷ்ணு ஒரு நோட்டு போட்டான்.

ஒரு நேரத்தில் ஒரு பால் மட்டும். பத்து நாள். குழந்தை வாயில் போவது எல்லாம் மணி நிமிஷத்தோடு நோட்டில் ஏற வேண்டும்.

சோயா, நான்காம் நாள் தடிப்பு. பாதாம், முதல் நாளே. வீட்டில் துருவிப் பிழிந்த தேங்காய்ப் பால், இரண்டாம் நாள். முந்திரி, ஆறாம் நாள். ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தான்.

நிறுத்தின பிறகும் தடிப்பு போகவில்லை. 'பழைய பால் இன்னும் உடம்பில் இருக்கிறது' என்று ஓரத்தில் எழுதி வைத்தான்.

போன மாதம் வகுளாவின் எடை பத்தரைக் கிலோ. இந்த மாதம் ஒன்பதே முக்கால். இதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் திங்கட்கிழமை அட்மிட் செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால்தான் ஓட்ஸ் பால் கம்பெனிக்கு அவன் கடிதமே போட்டான். தங்கள் இயந்திரத்தில் மாட்டுப் பால் ஓடுவதில்லை என்று அவர்கள் எழுதிய பதிலும் நோட்டுக்குள் மடித்து இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை. புதுப் பாத்திரம், புது ஸ்பூன். அவன் மனைவி மிருதுளா சாதத்தைக் குழைய வடித்து, ஓட்ஸ் பால் விட்டு, உப்புக் கல் போட்டாள்.

அப்பா கோயிலுக்குப் போய்விட்டதால் வழக்கம்போல் அவனே பாத்திரத்தைப் பெருமாள் அறைக்கு எடுத்துப் போனான். பெருமாள் முன்னால் வைத்து அவர் கண்டருளாமல் அந்த வீட்டில் ஒரு பருக்கையும் யார் வாயிலும் போவதில்லை. குழந்தையின் கஞ்சியும் அப்படித்தான்.

பிறகு மடியில் வைத்து ஊட்டினான்.

"அப்பா, இது நன்னா இருக்கு," என்றாள் வகுளா. கிண்ணத்தை வழித்துத் தின்றாள்.

எட்டு நாற்பதுக்குக் காதின் பின்புறத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மிருதுளா கவுனைத் தூக்கிப் பார்த்தாள். முதுகில் ஏழு இடத்தில் சிவந்து தடித்திருந்தது. மருந்தை அளந்து புகட்டினாள். வகுளா அழவில்லை. வாயைத் தானாகவே திறந்தாள், அந்த மருந்துக்குப் பழகிப்போயிருந்தது.

"சொல்லுங்கோ, இன்னும் எந்தப் பால் பாக்கி?" என்று மிருதுளா கேட்டாள்.

அவன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். பாத்திரம் மாற்றியாயிற்று. ஸ்பூன் மாற்றியாயிற்று. தேய்க்கும் சோப்பைக்கூட மாற்றியாயிற்று. எங்கே தவறினோம் என்று விரலை வைத்து வைத்துத் தேடினான். எதுவும் விடுபடவில்லை.

ஸ்கேலை வைத்து ஓட்ஸையும் அடித்தான். அதற்குக் கீழே பக்கம் வெறுமையாக இருந்தது.

டாக்டருக்குப் போன் செய்தான். நாளைக் காலை வந்துவிடுங்கள் என்றார். அதுவரை பால் என்ற பேரில் எதுவும் வேண்டாம், வெறும் சாதம் போதும்.

மதியம் மிருதுளா புதுப் பாத்திரத்தில் வெறும் சாதம் வடித்தாள். அவன் மறுபடி குளித்துவிட்டு வந்து அதைப் பெருமாள் முன்னால் வைத்தான்.

நெய் படாத அன்னம் பெருமாளுக்கு ஆகாது. அதனால் சோயாவுக்கும் பாதாமுக்கும் தேங்காய்க்கும் முந்திரிக்கும், இன்று காலை ஓட்ஸுக்கும் செய்த மாதிரியே, திருவிளக்குக்குப் பின்னால் பெருமாளுக்கென்றே இருக்கும் சின்ன வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துச் சாதத்தின் மேல் ஒரு சொட்டு பசு நெய் விட்டான். துளசியைச் சேர்த்தான். மணியை அடித்துக் கண்ணை மூடி, குழந்தையை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வெகுநேரம் நின்றான்.

பிறகு வகுளாவுக்கு ஊட்டினான். கையைக் கழுவிக்கொண்டு நோட்டை எடுத்து எழுதினான்:

'மதியம் 12.20. சாதம், உப்பு. வேறு எதுவும் சேர்க்கவில்லை.'