எதிரே வந்த வெளிச்சம்

எதிரே வந்த காரின் வெளிச்சம் கண்ணைப் பறித்தது. வழி தெரியாமல் ஸ்கூட்டரோடு பள்ளத்தில் சரிந்தார் பெரியவர். முழங்கை எரிச்சலைவிட மனப் பதற்றம்தான் அதிகமாக இருந்தது.

"பாவிப்பயலே, என்ன பல்புடா மாட்டியிருக்கே? இந்தப் பாதையிலதானே என் பொண்ணு கார்ல வருவா! கடவுளே, அவளைக் காப்பாத்து!"

கார் நின்றது. ஓர் உருவம் இறங்கி ஓடி வந்தது.

"பயப்படாதீங்கய்யா, என் கையைப் பிடிச்சுக்கோங்க... அப்பா! நீங்களா?"

மகளின் கையைப் பிடித்து எழுந்தார் அவர்.

"யாரோ விழுந்துட்டாங்களேன்னு ஓடி வந்தேன்பா. எனக்கும் பயமா இருக்கு. வழி நல்லா தெரியணும்னு நேத்து நீங்க என் கார்ல மாட்டின அதிக வாட்ஸ் பல்பு, கருகுற நாத்தம் அடிக்குது."

"முதல்ல அதை அணைம்மா," என்றார். "எதிர்ல இன்னும் யாரோட அப்பாவாவது வந்துடப் போறார்."