துணைக்கு ஒரு ஆள்

மலேசியாவின் கம்போங் ராஜாவில் தங்கள் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து மைமூன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் சாகுல் ஹமீதும் மகன் ஹஃபீஸும் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்குக் கிளம்பியிருந்தார்கள்.

“பயப்படாத லாத்தா,” என்றாள் தங்கை நஜிஹா. “ஹஃபீஸுக்குக் காது கேக்காதுதான். ஏர்போர்ட் ஸ்பீக்கர்ல கூப்பிட்டா கேக்குறதுக்கு மச்சான் கூட இருக்காருல்ல?”

“தனியா அனுப்ப மனசு வரலடி. அதான் ரெண்டு டிக்கெட் போட்டேன்.”

கைப்பேசி ஒளிர்ந்தது. நஜிஹா அதை வாங்கி, ஹஃபீஸ் அனுப்பிய செய்தியைச் சத்தமாகப் படித்தாள்.

“ம்மா, ப்ளேன்ல உக்காந்துட்டோம். கடைசி நேரத்துல கேட்டை மாத்திட்டாங்க. ஸ்பீக்கர்ல மூணு தடவ சொன்னாங்களாம். நான் போர்டுல பாத்துட்டேன், அத்தாவத்தான் காணோம். தே தாரிக் டீ சரியில்லன்னு அங்க ஒரு கடைக்குள்ள பூந்து, அவரே ஆத்திக் காட்டிட்டு இருந்தாரு. கையப் புடிச்சு இழுத்துட்டு ஓடினேன்.”

“அல்ஹம்துலில்லாஹ்!” மைமூன் நாற்காலியில் சாய்ந்தாள்.

“அப்போ நீ ஹஃபீஸ நெனச்சு பயப்படலையா?”

“அவனா? கூச்சிங் காலேஜுக்கு வருஷத்துக்கு நாலு தடவ தனியாப் பறக்குறவன்லா. நான் துணைக்கு ஆள் அனுப்பினது உன் மச்சானுக்கு!”