மஞ்சள் விளக்கு

“இதுல ஒரு கோளாறும் இல்லம்மா” என்றார் மெக்கானிக்.

அவளுக்கு அது நல்ல செய்தியாக இல்லை.

மெக்கானிக் சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்து, தூசியை ஊதி, மறுபடி மூடிவிட்டார். முன்பக்கம் ஒட்டியிருந்த துண்டுக் கறுப்பு டேப்பை நகத்தால் உரித்துச் சுவரோரமாக ஒட்டினார்.

பெட்டியிலிருந்து சத்தம் வருகிறது என்று பொய் சொல்லித்தான் அவரை வரவழைத்திருந்தாள். கெட்டுப்போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டால் போதும். இன்றைக்கே போக வேண்டும். ஹாலில் உட்கார்ந்திருக்கும் கணவன் அதை உற்றுப் பார்ப்பதற்கு முன்னால்.

நல்ல பொருளை அவன் வெளியே விடமாட்டான். அறுந்த செருப்பையே தைத்துத் தைத்துப் போடுகிற ஆள். எதையும் திருத்தமாகச் செய்தாக வேண்டும். பார்சல் கட்ட ஒரு துண்டு டேப் வேண்டுமென்றாலும் பல்லால் கடிக்க மாட்டான், கத்தரிக்கோலைத் தேடி வீட்டையே தலைகீழாக்குவான். அவள் கேலி செய்து செய்து ஓய்ந்துவிட்டாள்.

தன் வார்த்தையை அவள் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மெக்கானிக் பையிலிருந்து ஒரு குண்டு பல்பை எடுத்து ஸ்டெபிலைசரில் மாட்டினார். சுவிட்சை அணைத்தார். மறுபடி போட்டார்.

பல்பு எரியவில்லை. பெட்டியில் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது.

“கரென்ட் வந்ததும் உடனே விடாதும்மா. கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சுதான் விடும். ஃபிரிட்ஜ் மோட்டாருக்கு அந்த ஓய்வு வேணும். இல்லேன்னா எரிஞ்சுடும்.”

மூச்சிரைக்க ஓடி வந்தவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது மாதிரி என்றார். ஏதோ தானே செய்த பெட்டி போல அவருக்குப் பெருமை.

அவள் எரியாத பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் வைத்த பால் பொங்குகிற நேரம் ஆகும். அவளுக்குத் தெரியும்.

இந்தப் பெட்டி ஒரே ஒரு நாள் ஃபிரிட்ஜை விட்டுப் போயிருந்தது. உள்ளறையில், கணவனுடைய அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

அவனைத் தூக்கி வளர்த்தவள் அந்த அக்கா. நுரையீரல் கைவிட்ட பிறகு ஆக்சிஜன் மெஷின்தான் அவளுக்கு மூச்சு. அன்று காலையிலிருந்தே விளக்குகள் மங்குவதும் பளிச்சென்று எரிவதுமாக இருந்தன. வோல்டேஜ் ஏறி இறங்கி மெஷின் கெட்டுவிடக் கூடாதே என்று அவன்தான் ஸ்டெபிலைசரைக் கழற்றிக்கொண்டு போய் அதற்கு மாட்டினான். ஃபிரிட்ஜ் போனால் பால்தான் கெடும் என்றான்.

மத்தியானம் கரென்ட் போனது. அக்காவுக்குச் சிலிண்டரைத் திறந்துவிட்டான். கரென்ட் வந்தது, மின்விசிறி சுற்றியது. சிலிண்டரை மூடி, குழாயை மெஷினுக்கு மாற்றினான். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போனான்.

திரும்பி வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெபிலைசரில் பச்சை விளக்கு எரிந்தது. அக்காதான் இல்லை.

மெஷினுக்கு ஒரு குறையும் வரவில்லை.

அக்காவின் நேரம் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். துக்கத்துக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். அவனும் அப்படியே சொல்லிக்கொண்டான். ஸ்டெபிலைசர் ஃபிரிட்ஜுக்கே திரும்பியது. அடுத்த தடவை கரென்ட் போய் வந்தபோதுதான், மஞ்சள் விளக்கு எரிய ஃபிரிட்ஜ் ஊமையாக நிற்பதை அவள் கண்டாள். இத்தனை வருஷமும் கண்ணெதிரில் நடந்ததுதான். ஃபிரிட்ஜ் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

அன்றிலிருந்து கரென்ட் போனால் அவள் சமையலறையில் நிற்பதில்லை. அந்தப் பெட்டியின் பக்கம் திரும்புவதுமில்லை. அழுகையும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. அவனுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டான் என்கிற பயம் மட்டும் மரத்துப்போகவில்லை.

டக்.

பல்பு எரிந்தது. பார்த்தீர்களா என்பதுபோல மெக்கானிக் நிமிர்ந்தார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“எரிஞ்சுபோச்சுன்னு அவர்கிட்ட சொல்லிட்டு, இதைக் கொண்டுபோயிடுங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

ஹாலுக்குப் போய், உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது, இனி தேறாது என்றார். நல்ல பொருளின் மேல் பழி போடுகிறோமே என்று அவர் குரல் கம்மியது.

எரிந்திருந்தால் வாடை வந்திருக்குமே என்று கணவன் கேட்பான். அவள் கதவோரம் நின்று காத்திருந்தாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கொண்டுபோகச் சொல்லிக் கையை மட்டும் அசைத்தான்.

வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

ஃபிரிட்ஜின் ஒயரை எடுக்கக் குனிந்தபோது, சுவரோரமாக ஒட்டியிருந்த டேப் துண்டு கண்ணில் பட்டது. அந்த மஞ்சள் விளக்கை மூடுகிற அளவு. அன்று அவள் பார்த்தபோது இது பெட்டியில் இல்லை.

உரித்தெடுத்தாள். நான்கு ஓரமும் நேராக, பிசிறில்லாமல் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தது.

அவளும் தெரிந்துகொண்டுவிடக் கூடாதென்று அவன் மறைத்திருக்கிறான்.

“ஃபிரிட்ஜை நேரா சுவத்துல சொருகிடு” என்றான் கணவன், ஹாலிலிருந்தே. “பால் கெட்டுடும்.”

சரி என்றாள். செருகினாள். ஃபிரிட்ஜ் உடனே ஓடத் தொடங்கியது.