மூன்று ரூபாய் பிராது

“பாட்டில்ல பன்னெண்டு ரூவான்னு அச்சடிச்சிருக்கு. நீங்க பதினஞ்சு வாங்கியிருக்கீங்க. மூணு ரூவாயத் திருப்பிக் குடுத்தா நான் ஏன் கத்தப் போறேன்?” போன வாரத்து பில்லைக் கல்லா மேசையின் மேல் அறைந்து வைத்தார் ராஜ்மோகன்.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் அந்த ஓட்டலின் முதலாளி கோவிந்தசாமி அசரவில்லை. “ஃபேன் காத்து வாங்குனீங்க. பெஞ்சுல சாஞ்சு ஒக்காந்தீங்க. அதெல்லாம் சும்மாவா சார்?”

“அதெல்லாம் உங்க இட்லி வெலையிலயே வந்துடுச்சு. தண்ணி பாட்டிலுக்கு அச்சடிச்ச வெலைக்கு மேல வாங்கக் கூடாது. கடலூர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்.”

“தாராளமா போயிட்டு வாங்க. பஸ் சார்ஜே போக வர நாப்பது ரூவா ஆவும்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ராஜ்மோகனுக்கு முகம் சுண்டிப்போனது.

பீங்கான் கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கும் அவருக்கு அநியாயம் என்றால் ஆகவே ஆகாது. கடலூரில் ஏற்கெனவே மூன்று வழக்கு நடக்கிறது. ஒன்றிலும் இன்னும் ஜெயித்தபாடில்லை. மகள் கனிமொழிக்குக் காது குத்திய அன்றைக்குக்கூட, சோப்பு வழக்குக்காகக் கோர்ட்டு வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு ஒரு நாளாவது ஜெயித்துவிட வேண்டும் என்று அவருக்கு வெறியே வந்துவிட்டது.

பக்கத்தில் மனைவி அன்புக்கரசி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தவித்தாள். “விடுங்க. நான் கோயிலுக்குன்னுதானே கெளம்புனேன்? நடை சாத்திடுவாங்க.”

சண்டை என்றாலே நடுங்குகிறாளே என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

“அந்த மூணு ரூவாய நான் தரேன், வாங்க” என்று அவள் அவசரமாகப் பையிலிருந்து பர்சை இழுத்தாள். கூடவே நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய காகிதக் கற்றை ஒன்று வந்து மேசைமேல் விழுந்தது. முதல் வரியில் கொட்டை எழுத்தில், ‘கொளஞ்சியப்பருக்குப் பிராது.’

கோவிந்தசாமியின் சிரிப்பு அப்படியே நின்றது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டிவிட்டால், தொண்ணூறு நாளைக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அங்கே வாய்தாவும் கிடையாது, அப்பீலும் கிடையாது.

“என்னம்மா இது?”

“பிராதுங்க. இன்னிக்குக் கட்டிடணும்னுதான் வந்தேன்.” அன்புக்கரசி தலையைக் குனிந்துகொண்டு காகிதத்தைப் பைக்குள் திணித்தாள்.

“ஏம்மா, கோர்ட்டு கச்சேரின்னா பரவால்ல, சாமி வரைக்குமா போவாங்க? நான் புள்ளகுட்டிக்காரன்மா!” கல்லாவிலிருந்து மூன்று ரூபாய் பாய்ந்து வந்தது. “டேய் மாயவா, இனிமே தண்ணி பாட்டிலு பன்னெண்டு ரூவாதான்!” என்று சப்ளையரைப் பார்த்துக் குரல் வேறு கொடுத்தார்.

மணவாளநல்லூர் வழியாக வீட்டுப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த ராஜ்மோகனுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாணயத்தையும் உள்ளங்கையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இத்தனூண்டு மூன்று ரூபாய்க்கு முன்னும் பின்னுமாக நாலு பக்கம் எழுதியிருக்கிறாளே, இவளையல்லவா வக்கீலாக வைத்திருக்க வேண்டும்! கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவளைப் பார்த்து இவ்வளவு பெருமைப்பட்டதே இல்லை.

கோயில் நிறுத்தம் வந்ததும் அன்புக்கரசி எழுந்தாள்.

“எங்க போற? அதான் ஜெயிச்சாச்சே! பிராதக் கிழிச்சுப் போட்டுட்டு ஒக்காரு, வூட்டுக்குப் போவலாம்.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாதுவாகச் சொன்னாள்.

“இது அவரு மேல இல்லீங்க, ஒங்க மேல.”