தண்ணீர் கேன் புடலை

"தம்பி, பன்னெண்டு மணிக்குள்ள எல்லாம் கீழ இறங்கணும்" என்றார் அசரியா சார்.

அவர் எங்கள் குடியிருப்பின் செயலாளர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு கையில் பைபிள், மறு கையில் புகார்க் கடிதம் என்று நேராக எங்கள் பால்கனிக்கே வந்துவிட்டார்.

எல்லாம் என்று அவர் சொன்னது என் தோட்டத்தை.

சேலையூரில் மூன்று கல்லூரி மாணவர்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும் பால்கனியில் ஒரு ஆள் நிற்கலாம். இரண்டாவது ஆள் கிரில்லில் தொங்க வேண்டும். நான் ஆளுக்குப் பதிலாகச் செடிகளைத் தொங்கவிட்டேன்.

காலியான கூல்டிரிங்ஸ் பாட்டில்களை வெட்டி மண் நிரப்பிக் கட்டியதில் கீரை வந்தது. மிளகாய் வந்தது. கத்தரி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் கேன் போடும் பாட்சா அண்ணா, விரிசல் விட்ட கேன் ஒன்றைத் தூக்கி எறியப் போனார். கேட்டு வாங்கி, கழுத்தை அறுத்து, கூரைக் கொக்கியில் மாட்டி, புடலை விதை ஊன்றினேன். பந்தலுக்கு ஏது இடம்? கொடி கிரில் வழியாக வெளியேறி, முதல் மாடியைப் பார்த்து இறங்கியது.

முதல் மாடியில் ரத்தினபாய் ஆன்ட்டி. துவைத்த துணியில் சேற்றுத் தண்ணீர் சொட்டுகிறது என்று புகார் எழுதியவர் அவர்தான். எழுதியது ஜூன் மாதம். எங்கள் சங்கம் உடனடியாக நடவடிக்கை எடுக்கும். இது ஆகஸ்ட்.

அதற்குள் புடலை காய்த்துவிட்டது.

ஒரே காய். மூன்றடி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக. தினமும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போவேன். நுனியை மட்டும் ஆன்ட்டி காயப்போடும் புடவை மறைத்துவிடும். நேராக வளர்ந்ததற்குக் காரணம் நான் போடும் டீத்தூள் சக்கைதான் என்று வகுப்பில் விளக்கியிருக்கிறேன். ஜெரூஷா குறிப்பெடுத்துக்கொண்டாள்.

"மச்சான், உனக்குக் காய் வேணுமா, ரூம் வேணுமா?" என்று உள்ளேயிருந்து ரூம்மேட் ஷெர்வின் கத்தினான்.

நியாயமான கேள்வி. செயலாளரிடமிருந்து ஒரு போன் வந்தால் மூன்று பேரும் காலி செய்ய வேண்டும் என்று ஹவுஸ் ஓனர் சொல்லியிருந்தார். பேச்சிலர்களுக்கு வீடு தரும் இன்னொரு மனிதர் தாம்பரத்தில் இருப்பதாகத் தகவல் இல்லை.

எனக்குப் பயம் இல்லை. அந்தக் காயை ஒருமுறை பக்கத்தில் பார்த்தால் கல்நெஞ்சமும் கரையும்.

"சார், ஒரு நிமிஷம். பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

கொடியை இரண்டு கையாலும் மெல்ல இழுத்தேன். நினைத்ததைவிடக் கனம். என் உரத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

காய் முழுதாக மேலே வந்தது. அதன் நுனியில், ஊதா நிற நாடாவில், எலுமிச்சை அளவுக்கு ஒரு கருங்கல் கட்டியிருந்தது.

"வளையாம இருக்கறதுக்கு இப்படித்தான் கட்டுவாங்க" என்றார் சார். "பரவால்லையே, நீ கட்டினியா?"

"இல்ல சார்."

கீழே முதல் மாடியிலிருந்து குரல் கிளம்பியது.

"யாருப்பா அது இழுக்கறது? விடுங்க! இன்னும் நாலு நாள் தொங்கட்டும். இப்பத்தான் சர்ச்சுலருந்து வந்து பெரிய கல்லா மாத்திக் கட்டினேன்!"

அசரியா சார் கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். பிறகு அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பைபிளை ஷெர்வினிடம் கொடுத்துவிட்டு, ஆடிக்கொண்டிருந்த கேனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாத்து எறக்கு தம்பி" என்றார்.