அசல் சேதுக்காசு

ஏலத்தில் 'இரண்டு தரம்' என்று சொல்ல வாயெடுத்த மீராசாகிபு, காசை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்தார்.

விலை முப்பத்தெட்டாயிரத்தில் நின்றது. வவுனியாவில், ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகள் இல்லாத அந்த டியூட்டறிக் கொட்டிலில், வாங்குப் பலகைகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருபத்தைந்து பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேதுக்காசு. படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே 'சேது' என்ற எழுத்து. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செம்பு.

ஆனால் விளிம்பைச் சுற்றி மயிரளவு கோடு ஒன்று ஓடியது. அச்சில் அடித்த காசில் அந்தக் கோடு வராது. உருக்கி வார்த்ததில்தான் வரும்.

ஏலத்துக்கு முன்பே அவர் பார்த்திருக்க வேண்டும். உறையின் மேல் 'அசல்' என்று எழுதியிருந்த கையெழுத்தை நம்பிவிட்டார். அது அவருடைய கையெழுத்து.

மூன்றாம் வாங்கின் ஓரத்தில் கமலாசனி இருந்தார். அவருடைய கணவர் சின்னராசா இறந்து ஏழு மாதம். அவர் சேர்த்து வைத்த காசுகள்தான் இன்றைய ஏலம். கனகராயன்குளத்தில் பாதியில் நிற்கும் வீட்டுக்கு இந்தப் பணத்தில்தான் கதவும் யன்னலும் போட வேண்டும்.

சின்னராசா தங்கமான மனிதர். விலைதான் தெரியாது. ஏலத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே வந்து எல்லாக் காசையும் தடவிப் பார்ப்பார். பிறகு ஏதாவது ஒன்றில் பிடிவாதமாக நின்று, எவரையும் விடாமல் விலையை ஏற்றி வாங்கிக்கொண்டு போவார். ஆசை கண்ணை மறைக்கிறது என்று மீராசாகிபு மேசையில் இருந்தபடியே பகிடி பண்ணுவார். எல்லோரும் சிரிப்பார்கள். சின்னராசாவும் சேர்ந்து சிரிப்பார்.

மீராசாகிபு அசல் என்றால் கொழும்பிலிருந்து வருகிறவர்கூட பூதக்கண்ணாடியை வெளியே எடுப்பதில்லை. பதினாலு வருடத்தில் அவர் விற்ற ஒரு காசும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவருடைய சொத்து.

இரண்டு தரம், மூன்று தரம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. கமலாசனியின் வீட்டுக்குக் கதவு வரும். யாருக்கும் தெரியப்போவதில்லை. கண்ணில் படலம் எடுத்து மூன்று மாதம்தான். எடுக்காமல் இருந்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது. அந்த டாக்குத்தரை மனதுக்குள் ஒருமுறை திட்டிக்கொண்டார்.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

“இது வார்ப்பு. போலி. ஒருத்தரும் விலை கேக்க வேண்டாம்,” என்றார். “எட்டு வருசத்துக்கு முன்னம் இதை அசலெண்டு சொல்லிச் சின்னராசாவுக்கு வித்தவன் நான்தான். தங்கச்சி, அவர் குடுத்த பணத்தை நான் திருப்பித் தாறன்.”

முன்வாங்கில் இருந்த ஒருவர், சற்று முன் வாங்கிய காசை உறையிலிருந்து எடுத்து அதன் விளிம்பை நகத்தால் தடவிப் பார்க்கத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவரும் தன்னுடையதை எடுத்தார்.

கமலாசனி எழும்பி மேசையடிக்கு வந்தார். ஏசப்போகிறார் என்றுதான் மீராசாகிபு நினைத்தார். எவ்வளவு ஏசினாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

கமலாசனியோ மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மீராசாகிபு நானா. உங்கட கண் மங்கத் தொடங்கின காலத்தில இருந்து, போலியெண்டு கண்டதை வேற ஒருத்தருக்கும் போகவிடாமல் அவர்தான் வாங்கினவர். அப்பிடி வாங்கின பதினொண்டை வேறாக்கி வீட்டில வச்சிட்டுத்தான் வந்தனான். இது ஒண்டு என்ர கண்ணுக்குத் தப்பி வந்திட்டுது.”