துணைக்கு நிற்பவன்

குன்னத்துக் கபடிக் களத்தில் சாயங்கால வெயில் சுண்ணாம்புக் கோட்டின் மேல் சரிந்து கிடக்கிறது. லீக் அணிக்கு ஆள் எடுக்கச் சென்னையிலிருந்து வந்தவர் பிளாஸ்டிக் நாற்காலியில் முன்னால் குனிந்து, வலது மூலையையே பார்க்கிறார். அங்கே கல்லூரி அணி ஆட்டக்காரன் இளவரசன் நிற்கிறான். அவன் கையைக் கோத்தபடி பக்கத்தில் குருமூர்த்தி. "தொடையப் பாருங்க சார், தேக்குக் கட்டை," என்கிறார் கோச். குருவுக்கு வயிறு எரிகிறது. எந்த ஆட்டத்திலும் இளவரசன், பாடி வரும் ரெய்டரின் காலைப் பிடிப்பான். மறு நொடி குரு ஓடிவந்து நெஞ்சில் மோதிச் சாய்ப்பான். கைதட்டல் மட்டும் எப்போதும் காலைப் பிடித்தவனுக்கு.

எதிரணி ரெய்டர் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு மூலைக்கு வருகிறான். இளவரசன் குருவின் விரலை ஒரு தரம் அழுத்துகிறான். பாயப்போகிறேன், வந்துவிடு என்று அதற்கு அர்த்தம். பாய்கிறான். குரு நின்ற இடத்திலேயே நிற்கிறான்.

"குரு, வாடா!"

ரெய்டர் இளவரசனைப் புழுதியில் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டுக்குக் கை நீட்டுகிறான். கணுக்காலில் பூட்டிய கைகள் விடவில்லை. விரல் கோட்டைத் தொடுவதற்குள் ரெய்டரின் மூச்சு அறுகிறது. விசில்.

சென்னைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விடுகிறார். "துணைக்கு ஒருத்தன் வரல, ஒத்தையாவே அமுக்கிட்டான் பாருங்க! இவன்தான் வேணும்."

இளவரசன் முழங்கையில் ரத்தத்தோடு திரும்பி வந்து, பழையபடி கையை நீட்டுகிறான்.

"கால் சுளுக்கிக்கிச்சாடா குரு?"